பார்முலேஷன் காப்புரிமையை கோர்ட்டில் ரத்து செய்ய முடியுமா?

மாத்திரை_மணி:
சின்ன மருந்துக் கம்பெனியில் பார்முலேஷன் பிரிவில், அதாவது மருந்தோடு துணைப்பொருள்களைச் சேர்த்து மாத்திரையாக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு சர்க்கரை மருந்து, மூலக்கூறின் காப்புரிமை முடிந்துபோனது. அதை எஸ்ஆர் (மருந்து மெதுவாக வெளியாகும்) மாத்திரையாகக் கொண்டுவர இருந்தோம். அந்தக் காப்புரிமையை வைத்திருந்த கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அவர்களிடம் இன்னொரு காப்புரிமை இருக்கிறதாம்: அதே மருந்து, 30 முதல் 40 சதவீதம் ஹெச்பிஎம்சி (ஈரம் பட்டால் கூழாகி மருந்தை மெதுவாக விடும் பொருள்), கொஞ்சம் எம்சிசி, மெக்னீசியம் ஸ்டியரேட் என்ற வழக்கமான துணைப்பொருள்கள். இதை எம்.பார்ம் படிக்கும்போதே நாங்கள் கலக்கியிருக்கிறோம்! "சர்க்கார் கொடுத்த காப்புரிமை, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார் முதலாளி. அப்படியா?

கோவை_கெமிஸ்ட்:
காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைப் போடுங்கள். தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கூடாவிட்டால் காப்புரிமை கிடையாது. கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கு அதில்தானே விழுந்தது.

பழைய_பஞ்ச்மெஷின்:
பதினோரு வருஷம் மாத்திரை அடித்துவிட்டுக் காப்புரிமை ஏஜென்ட் ஆனவன் நான். முதலாளியிடம் 13(4) பிரிவைக் காட்டுங்கள். காப்புரிமை கொடுத்ததாலேயே அது செல்லும் என்று உத்தரவாதம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. அவர்கள் வழக்குப் போட்டால், 64ஆம் பிரிவில் உள்ள ரத்துக்கான காரணங்கள் எல்லாவற்றையும் 107இன் கீழ் உங்கள் தற்காப்பாகவே வைக்கலாம். ரத்து கேட்டு அதே வழக்கில் எதிர்க்கோரிக்கையும் போட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

கெமிஸ்ட் நண்பரே, 2013 கிளிவெக் தீர்ப்பு அந்த மருந்தின் பீட்டா படிக வடிவம் பற்றியது. இங்கே முதலில் எடுக்க வேண்டியது 3(இ): வெறும் கலவைக்குக் காப்புரிமை இல்லை. அதோடு, துறை தெரிந்தவனுக்கு இது தானாகத் தோன்றியிருக்கும் என்ற வாதம்.

மணி, அவர்களுடைய காப்புரிமை விவரக்குறிப்பில் டிஸ்ஸொல்யூஷன் அட்டவணையை (மருந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்பதை) பாருங்கள். எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்? நான் பார்த்த ஒன்றில் சாதாரண மாத்திரையோடு மட்டும் ஒப்பிட்டு, 'எட்டு மணி நேரம் மெதுவாக வெளியாகிறது, ஆச்சரியம்' என்று எழுதியிருந்தார்கள். ஹெச்பிஎம்சி போட்டால் மெதுவாகத்தானே வரும்! ஆச்சரியம் என்றால், ஏற்கெனவே இருக்கும் எஸ்ஆர் மாத்திரையோடு ஒப்பிட்டுக் காட்டட்டும்.

எச்சரிக்கை ஒன்று: 2014இல் வொபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒரே காப்புரிமைக்கு எதிராகத் தனி ரத்து மனு, எதிர்க்கோரிக்கை இரண்டையும் ஒருசேர நடத்த முடியாது. வக்கீலைக் கேட்காமல் அவசரப்பட்டு ஒன்றைத் தாக்கல் செய்துவிடாதீர்கள்.

மாத்திரை_மணி:
அட்டவணையைப் பார்த்தேன் சார். சாதாரண மாத்திரைதான்! என் சீனியர் ஒருவர் இதே மருந்தை, இதே ஹெச்பிஎம்சியோடு தீசிஸ் செய்திருக்கிறார். அது உதவுமா?

பழைய_பஞ்ச்மெஷின்:
யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி நூலகத்தில் இருந்ததா? தீசிஸ் அட்டையில் உள்ள வருஷத்தை நம்பாதீர்கள். நூலகத்தில் சேர்த்த தேதி பதிவேட்டில் இருக்கும். அது அவர்களுடைய முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதிக்கு) முந்தியதாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குச் சான்றொப்பமிட்ட நகல் வாங்குங்கள்.

மாத்திரை_மணி:
சனிக்கிழமை கல்லூரிக்குப் போகிறேன். அந்த நூலகர் இன்னும் ரிடையர் ஆகாமல் இருக்கணும்.