மறு: கோரோப்ளெத் படத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? (திங்கட்கிழமைக்குள்)

க. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். புவியியல் தகவல் முறைமை அறிமுகப் பாடத்தில் நான்காம் இயல் என் பொறுப்பு. நிலப்படம் வழியாகச் செய்தியைச் சொல்வது எப்படி என்பது பற்றியது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ராஸ்டர் (கட்டக் கட்டமாகப் பதிவது), வெக்டர் (புள்ளி, கோடு, பரப்பாகப் பதிவது) இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன், அதற்குச் சண்டை வேண்டாம். சிக்கியது கோரோப்ளெத். மாவட்டவாரியாக எழுத்தறிவு கூடக் கூட நிறத்தை அடர்த்தியாக்கிக் காட்டுவோமே, அந்தப் படம். தற்காலிகமாக ‘நிறச்செறிவுப் படம்’ என்று போட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்வீர்களா?

பு. எழுதியது:
நிறம் எங்கிருந்து வந்தது? 1826-இல் துப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் பிரான்சின் கல்வி நிலையைக் காட்டி வரைந்த படம் கறுப்பு வெள்ளைச் சாயல்தான். பெயர் வந்ததோ 1938-இல். ரைட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் கிரேக்கத்தில் இடத்தையும் மிகுதியையும் குறிக்கும் இரு சொற்களை ஒட்டவைத்தார். நமக்கு ஒட்டத் தெரியாதா? இடத்துக்குத் திணை, மிகுதிக்குச் செறிவு: ‘திணைச்செறிவுப் படம்’. நிலத்தை முதற்பொருள் என்று தொல்காப்பியரே வைத்துவிட்டார். அதுமட்டுமல்ல, கிரேக்கக் ‘கோரா’ நம் ‘கூறு’தானோ என்று எனக்கு ஓர் ஐயம். கூறுபட்ட நிலம். ‘பிளேதோஸ்’ஸின் அடியில் ‘பல’ கேட்கவில்லையா?

செ. எழுதியது:
> ‘பல’ கேட்கவில்லையா?
கேட்கவில்லை ஐயா. ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. இப்படியே போனால் குளோரோப்ளெத் என்று தவறாக எழுதுகிறவர்கள் பச்சையத்தையும் (குளோரோஃபில்) இழுத்து வருவார்கள்.

திணை இங்கே பொருந்தவே பொருந்தாது. முல்லையும் மருதமும் நிலத்தின் இயல்பால் பிரிந்தவை. கோரோப்ளெத்தின் எல்லையோ நிர்வாகம் போட்ட கோடு. கணக்கெடுப்பு வசதிக்கு வந்தது. தவிர, முல்லையைவிட மருதம் ‘கூடுதல்’ என்று யாரும் சொல்வதில்லை. அது வகை, அளவு அல்ல. மண்வகை, காட்டுவகை காட்டும் படத்துக்குத் ‘திணைப்படம்’ என்று வையுங்கள், முதல் ஆளாகக் கைதூக்குகிறேன்.

ம. எழுதியது:
வகுப்பெடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பெயரில் ‘நிறம்’ இருந்தால் பிள்ளைகள் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு பென்சிலையும் எடுத்துவிடுகிறார்கள். 20 விழுக்காட்டுக்குச் சிவப்பு, 40-க்குப் பச்சை. குறிவிளக்கத்தைப் பார்க்காமல் எது கூட, எது குறைவு என்று யாரால் சொல்ல முடியும்? நிற வேறுபாடு வகையைக் காட்டும்; வெளிர்நீலத்திலிருந்து கருநீலத்துக்குப் போகும் ஏற்றம்தான் அளவைக் காட்டும். பெர்த்தேன் என்ற பிரெஞ்சு நிலப்பட வல்லுநர் 1967-லேயே இதை விரித்து எழுதிவிட்டார்.

இதைவிடப் பெரிய தொல்லை, வெறும் தொகையை எடுத்து நிரப்புவது. எழுதப் படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் சாயம் பூசினால், மக்கள் எங்கே அதிகமோ அங்கே கறுக்கும். கல்வியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொகைக்கு அளவொத்த வட்டங்கள் இருக்கின்றன, தொகை கூடினால் வட்டமும் பெரிதாகும். இங்கே வேண்டியது நூற்றுக்கு எத்தனை, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்பது. அதனால் ‘பகுதிவீதப் படம்’. பெயரைக் கேட்டாலே விதி நினைவுக்கு வரும்.

செ. எழுதியது:
அம்மா, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பெயர் உருவத்தைச் சொல்ல வேண்டும், ஒழுக்கத்தை அல்ல. தொகையைப் பூசி ஒருவர் தப்பாக வரைந்த படத்தை என்னவென்று அழைப்பீர்கள்? ‘வீதமில்லாப் பகுதிவீதப் படம்’ என்றா? நடுநிலை வயதை (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) காட்டினால் அது வீதமும் அல்ல, தொகையும் அல்ல. ‘பகுதிச்சாயல் படம்’ போதும்.

பு. எழுதியது:
சாயல் + படம் = சாயற்படம். புணர்ச்சியை விட்டுவிட்டு எழுதுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. முன்பு இதே குழுவில் ‘பகுதி நிழற்படம்’ என்று ஒருவர் சொல்லி, ஃபோட்டோவா என்று எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறதா?

க. எழுதியது:
ஐயா, அம்மா, எனக்கு நேரமில்லை. இதுவரை வந்த மடல்களில் ‘பகுதிவீத’த்துக்கு நால்வர், ‘சாயலு’க்கு இருவர், திணைக்கு ஒருவர். சொல் முதலில் வரும் இடத்தில் ‘பகுதிவீதப் படம் (கோரோப்ளெத்)’ என்று போட்டுவிட்டு மேலே போகிறேன். செ. சொன்ன நடுநிலை வயதுக்கு ஓர் அடிக்குறிப்பு.

செ. எழுதியது:
அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது என்பதே என் வாதம். சரி, போடுங்கள்.

பு. எழுதியது:
போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் இயலில் ஐசோப்ளெத் வருகிறது. மழையளவுபோல எல்லைக்கு அடங்காமல் பரவுவதைச் சமமதிப்புக் கோடுகளால் காட்டுவது. இரண்டுக்கும் ஈற்றில் நிற்பது ஒரே ‘ப்ளெத்’. செறிவை வைத்திருந்தால் அங்கே ‘சமச்செறிவு’ என்று தானாக வந்திருக்கும். இனி ‘சமவீதம்’ என்பீர்களா? மழை மில்லிமீட்டரில் அல்லவா பெய்கிறது?