மறு: தாய்ப்பலகைக் கையேடு – 'கம்பேட்டிபிலிட்டி'க்கு என்ன சொல்?

மடல் 1 (சிங்கப்பூர், பிடோக்கிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம்.

சமூக மன்றத்தில் நடக்கும் கணினிப் பழுதுபார்ப்பு நாளுக்காக நாலு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு தயாரிக்கிறோம். பழைய மேசைக் கணினியில் தாய்ப்பலகையை (மதர்போர்டை) அப்படியே வைத்துக்கொண்டு புராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு வருபவர்கள்தாம் இப்போது அதிகம். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததுதான் காரணம். விண்டோஸ் 11 பல பழைய புராசசர்களை ஆதரிப்பதில்லை. "மாற்றுவதற்கு முன் செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் ஒத்திசைவு உள்ளதா எனச் சரிபார்க்கவும்" என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். "எந்தச் செயலி? சிங்பாஸ் செயலியா?" என்று, கைப்பேசியில் இருக்கும் அரசாங்க அடையாள ஆப்பை நினைத்துக் கேட்டார். பலகையில் புராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டுக்கும் நல்ல சொல் வேண்டும். உதவுங்கள்.

மடல் 2 (தெம்பனிஸிலிருந்து)

'ஒத்திசைவு' நன்றாகத்தானே இருக்கிறது? கலைச்சொல் பட்டியல்களில் உள்ளதுதான். சாக்கெட்டுக்குப் 'பொருத்துதுளை' எனலாம்.

மடல் 3 (ஈசூனிலிருந்து)

> எந்தச் செயலி? சிங்பாஸ் செயலியா?

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. செய்தியிலும் அறிவிப்பிலும் 'செயலி' கைப்பேசி பக்கம் போய்ப் பல வருடமாகிவிட்டது. இனி திருப்பி வாங்க முடியாது. 'மையச் செயலகம்' என்று போட்டால் ஏதோ அரசாங்க அலுவலகம் போலிருக்கும். 'சிபியு' என்றால் நம்மில் பாதிப்பேருக்கு மேசைக்கடியில் நிற்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். பேசாமல் 'நுண்செயலி' என்றே வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. முதல் தடவை மட்டும் 'புராசசர் எனப்படும் நுண்செயலி' என்று எழுதிவிட்டால் போதும்.

> 'ஒத்திசைவு' நன்றாகத்தானே இருக்கிறது?

இங்கேதான் ஐயாவோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. காசைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொலைக்கிறார்கள். ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன: நுண்செயலி அந்த இடத்தில் உட்காருமா? உட்கார்ந்தபின் பலகை அதை வேலை செய்ய விடுமா?

இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டைப் பாருங்கள். 2015இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும் அடுத்து வந்த ஏழாம் தலைமுறைக்கும் அந்தச் சாக்கெட். 2017இன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறைக்கும், பிறகு ஒன்பதுக்கும் அதே 1151. ஓரத்தில் இருக்கும் இரண்டு சிறு வெட்டுகள்கூட அதே இடத்தில்தான். ஹெச்110 பலகையில் ஐ7-8700ஐ வைத்தால் கச்சிதமாக உட்காரும், கம்பி நெம்புகோலும் ஒழுங்காக மூடும். பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றலாம், திரையில் ஒன்றும் வராது. எட்டாம் தலைமுறையில் எந்த முனை எதற்கு என்ற ஒதுக்கீட்டை மாற்றிவிட்டார்கள். அதற்கு 300 வரிசைச் சிப்செட் (பலகையிலேயே இருக்கும் துணைச் சில்லு) வேண்டும், ஹெச்110 அதற்கு முந்தையது. கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸைத் திருத்தி, சில முனைகளை டேப்பால் மறைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மன்றத்துக்கு வரும் மாமா, அத்தைகளுக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டாம்.

பழைய பொருள் விற்கிறவரிடம் "1151 போர்டு, இது ஃபிட் ஆகுமா?" என்று கேட்டால் "ஆகும்" என்பார். அவர் சொன்னது பொய்யும் இல்லை! கேட்டவர் வேறொன்றைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அதனால் இரண்டு சொற்கள் வைப்போம். உட்காருவது பொருத்தம். பலகை வேலை செய்ய விடுவது ஏற்பு. தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பலகைக்கும் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் பட்டியலை ஏற்புப் பட்டியல் எனலாம். எந்த நுண்செயலிக்கு எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்பதும் அதிலேயே இருக்கும்.

'ஏற்பு' எனக்குப் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது பலகையோடு பிறந்து அப்படியே இருப்பதில்லை, கூடும், குறையும். இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உட்காரும் முதல் ரைசன் நுண்செயலி 2017இல் வந்தது. 2020இல் ரைசன் 5000 வரவிருந்தபோது, 400 வரிசைப் பலகைகளுக்கு அது கிடையாது என்றார்கள். வாங்கியவர்கள் சத்தம் போட்டதும் கிடைக்கும் என்றார்கள். அதற்கும் பழைய ஏஎம்டி 300 வரிசைக்கு 2022இல் வழி திறந்தது. பல பலகைகளில் பயாஸ் சில்லின் கொள்ளளவு 16 எம்பிதான். எல்லா நுண்செயலிகளுக்கும் உரிய நிரல் அதில் அடங்காது என்பதால், புதியதைச் சேர்க்கும்போது சில பதிப்புகள் பழையவற்றைக் கழற்றிவிட்டன. இதையெல்லாம் 'ஏற்கும், ஏற்காது, இந்தப் பதிப்பிலிருந்து ஏற்கும், அந்தப் பதிப்புக்குப் பின் ஏற்காது' என்று சிரமமில்லாமல் சொல்லிவிடலாம். 'ஒத்திசைவு' என்று தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் 'ஒத்திசைவு கொண்டுள்ளது' என்று நீட்டி முழக்க வேண்டும்.

> சாக்கெட்டுக்குப் 'பொருத்துதுளை' எனலாம்.

ஏஎம்4க்குச் சரி. அங்கே நுண்செயலியின் அடியில் 1331 ஊசிகள், பலகையில் அத்தனை துளைகள். ஆனால் இன்டெல் 2004இல் எல்ஜிஏ 775ஓடு மேசைக் கணினிகளில் இதைத் தலைகீழாக்கிவிட்டது. ஊசிகள் பலகைக்குப் போய்விட்டன. நுண்செயலியின் அடியில் வெறும் தங்கப்புள்ளிகள்தாம். 2022இல் வந்த ஏஎம்5உம் அப்படியே. அங்கே துளையும் இல்லை, செருகுவதும் இல்லை. மெதுவாக மேலே வைத்து மூடவேண்டும். 'துளை' என்று எழுதினால் யாராவது அழுத்திச் செருகப் பார்ப்பார்கள். அந்த ஊசிகள் விரல் பட்டாலே வளைந்துவிடும். இருக்கை எப்படி? ஊசி எந்தப் பக்கம் இருந்தாலும் பொருந்தும்.

மூன்றாவதாக ஒன்று. அந்த ஹெச்110 பலகை, பயாஸைப் புதுப்பித்தால் ஏழாம் தலைமுறை ஐ7-7700ஐ ஏற்கும். சந்தோஷமாக வாங்கிப் போட்டு விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், மைக்ரோசாஃப்டின் பட்டியலில் மேசைக் கணினிகளுக்கான வழக்கமான இன்டெல்கள் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. 7700 அதில் இல்லை. இதற்குப் புதுச்சொல் வேண்டாம், 'ஆதரவு' ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கையேட்டின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுங்கள்.

மடல் 4 (தெம்பனிஸிலிருந்து)

துளையைக் கைவிட்டேன். 'இருக்கை' அழகு.

'ஏற்பு'ம் சரி. 'இணையம்' என்ற சொல்லைச் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்து தந்தபோது, 'இணை' என்று எல்லாருக்கும் தெரிந்த வேரிலிருந்துதான் எடுத்தார். அதனால்தான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'ஏற்பு'க்கு வேரான 'ஏல்' அவ்வளவு எளிதில்லை என்றாலும் 'ஏற்கும்' எளிதுதான்.

ஆனால் தம்பி, 'பொருத்தம்' உங்களுக்கு எதிராகவே திரும்பும். நம் வீடுகளில் 'பொருத்தம் பார்த்தாச்சு' என்றால் பத்தும் பார்த்து முடிந்தது, இனி நாள் குறிக்க வேண்டியதுதான் என்று அர்த்தம். படிப்பவர் 'பொருத்தம் உண்டு' என்ற வரியோடு நிறுத்திவிட்டு வாங்கக் கிளம்பிவிடுவார். உட்காருவதை மட்டும் சொல்ல வேண்டுமானால் அடைகொடுத்து 'இருக்கைப் பொருத்தம்' என்று எழுதுங்கள்.

மடல் 5 (ஈசூனிலிருந்து)

ஐயா சொல்வது நியாயம். 'இருக்கைப் பொருத்தம்', 'பலகை ஏற்பு' என்று இரண்டையும் அடையோடே வைத்துக்கொள்வோம்.

மடல் 6 (பிடோக்கிலிருந்து)

நன்றி ஐயா, நன்றி அண்ணா. திருத்திய பத்தி இதோ:

"புராசசர் எனப்படும் நுண்செயலியை மாற்றும் முன் உங்கள் தாய்ப்பலகையின் மாதிரிப் பெயரைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பேஸ்போர்டு புராடக்ட்' என்பதற்கு எதிரே அது இருக்கும். பயாஸ் பதிப்பும் அங்கேயே தெரியும். இருக்கைப் பொருத்தம் இருந்தால் மட்டும் போதாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் பலகைக்கான ஏற்புப் பட்டியலைத் திறந்து, நீங்கள் வாங்க நினைக்கும் நுண்செயலி அதில் இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கப்படுகிறது என்று பாருங்கள். பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமானால், பழைய நுண்செயலி இருக்கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு கணினி திறக்காமல் போகலாம்."

இன்டெல் மாதிரி எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி அட்டை வேண்டும் என்பதையும் ஓரமாகச் சேர்த்திருக்கிறேன். 'சிப்செட்'டை அப்படியே விட்டுவிடலாமா, 'சில்லுத்தொகுதி' என்று போடலாமா? பெட்டியிலும் பலகையிலும் சிப்செட் என்றே இருப்பதால் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.