பி.எஸ்சி.க்கு அப்புறம் சைபர் செக்யூரிட்டி: எம்.எஸ்சி.யா, எம்.டெக்.கா?

பாளை மாணவி:
பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். பிளஸ் டூவில் கணக்கு உண்டு. கேட் (GATE, எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) எழுதி நேரே எம்.டெக். சைபர் செக்யூரிட்டி சேர முடியுமா? லேப்டாப் 8 ஜிபி ரேம்தான், போதுமா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு, அக்காமாரு சொல்லுங்க.

வண்ணாரப்பேட்டைக்காரன்:
கேட் எழுதலாம் தங்கச்சி, மூணாம் வருஷத்துலயே விடுவாங்க. ஆனா எழுதுறது வேற, சீட்டு கிடைக்கிறது வேற. எம்.டெக்.குக்கு பி.இ., பி.டெக். இல்லன்னா எம்.எஸ்சி., எம்.சி.ஏ. கேப்பாங்க. மூணு வருஷ பி.எஸ்சி.யை மட்டும் வச்சு பெரும்பாலும் நடக்காது. கோச்சிங்குக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே இதைத் தெரிஞ்சுக்கிடணும்.

நேரே எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி போகலாம். காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கு. இல்லன்னா டான்செட் (தமிழ்நாட்டு எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு) எழுதி 2 வருஷ எம்.சி.ஏ., அதோட கடைசி வருஷத்தில் கேட், பிறகு எம்.டெக். கேட் மதிப்பெண் 3 வருஷம் செல்லும். அதை வச்சு ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.டெக். சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் இல்லாம சீட்டா (CEETA-PG) என்ற தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு வழியா சேர்ந்தா அது கிடையாது.

ஊரிலேயே படிக்கணும்னா ஒரு விஷயம். அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கு, ஆனா அங்க சைபர் குற்றத்தைச் சமூக அறிவியலாப் படிக்கிறது. நெட்வொர்க்கில் போற தரவுத் துண்டை (பாக்கெட்) பிரிச்சுப் பாக்கிற வேலைக்கு அது பாதை இல்ல.

அம்பை அக்கா:
8 ஜிபியில் ஆரம்பிக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸில் (லேப்டாப்புக்குள்ளயே வேற கம்ப்யூட்டர்களை, அதாவது விர்ச்சுவல் மெஷின்களை, ஓட்டுற மென்பொருள்) காளி லினக்ஸுக்கு (பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் உள்ளது) 2 ஜிபி, மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-க்கு (பழகுறதுக்காகவே ஓட்டைகளோட செஞ்ச மெஷின்) 512 எம்பி. லாக் (மெஷின்களின் நிகழ்வுப் பதிவு) சேர்த்துப் பாக்க வாஸூ (Wazuh) மாதிரி கண்காணிப்பு சர்வரும் ஏத்தினா 16 ஜிபி வேணும். ஹார்ட் டிஸ்க்னா முதல்ல எஸ்எஸ்டி மாத்திருங்க.

விர்ச்சுவல் மெஷின் கிளம்பவே இல்லன்னா பயோஸில் விர்ச்சுவலைசேஷன் அணைஞ்சிருக்கும். கிளம்பியும் ஊர்ந்துச்சுன்னா விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடிப்பட்டையைப் பாருங்க. பச்சை ஆமை தெரிஞ்சா விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்க நிக்குதுன்னு அர்த்தம்.

மெட்டாஸ்ப்ளாய்டபிளை 'பிரிட்ஜ்டு'ல (வெளி நெட்வொர்க்கோட நேரே சேர்க்கிற அமைப்பு) போடவே கூடாது, 'ஹோஸ்ட்-ஒன்லி'தான் (லேப்டாப்புக்குள்ள மட்டும்). அதில் இருக்கிற விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற சர்வரில் பின்வாசல் உண்டு. 21-ஆம் போர்ட்டைச் சரியான மாதிரி தட்டினா 6200-ஆம் போர்ட்டில் ரூட் ஷெல் (முழு அதிகாரமுள்ள கட்டளைத் திரை) திறக்கும். ஹாஸ்டல் வைஃபையில் அதை விட்டா பக்கத்து ரூம்காரங்களும் உள்ள வந்துரலாம். அதே மாதிரி, அனுமதி இல்லாம காலேஜ் சர்வரைத் தொட்டுறாதீங்க. ஐடி சட்டம் பிரிவு 66-இல் 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

ராதாபுரம் நெட்வொர்க்:
துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப் பட்டியலை நம்பாதீங்க. கடைசி ரெண்டு வருஷ ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேளுங்க. எல்லாமே கேடிடி 99, என்எஸ்எல்-கேடிடி தரவுன்னா (நெட்வொர்க் தாக்குதலைக் கண்டுபிடிக்க மெஷின் லேர்னிங் மாடலைப் பழக்குற தொகுப்புகள்) யோசிக்கணும். அதோட மூலம் 1998-இல் எடுத்த நெட்வொர்க் பதிவு. புதுத் தரவிலும் 99 சதவீதம் துல்லியம்னு வந்தா நம்பிராதீங்க. ஐபி முகவரியையும் நேரத்தையும் நீக்காம விட்டா, மாடல் தாக்கின மெஷினின் முகவரியை மனப்பாடம் பண்ணிக்கும். ஒரே தாக்குதலின் பதிவுகள் பயிற்சியிலும் சோதனையிலும் சிதறிக் கிடந்தாலும் இதே கதிதான்.

நம்ம பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்பு தொழிற்கட்டுப்பாட்டுப் பாதுகாப்பு, அதாவது ஆலை இயந்திரங்களை இயக்குற கம்ப்யூட்டர்களைக் காக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த பிசி ஒண்ணில் மால்வேர் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்னைக்கு அணுமின் கழகமே உறுதிசெஞ்சது. முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியா பிரிஞ்சு இருக்குன்னும் சொன்னது. அந்தப் பிரிப்பை எப்படிச் சோதிக்கிறதுங்கிறதே நல்ல ஆய்வு. ஓபன்பிஎல்சியை (ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவி மாதிரி இயங்குற இலவச மென்பொருள்) விர்ச்சுவல் மெஷினில் ஓட்டி, மோட்பஸை (அந்தக் கருவிகள் பேசிக்கிற நெறிமுறை) வயர்ஷார்க்கில் (நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டுற மென்பொருள்) பாருங்க. 502-ஆம் போர்ட்டில் வர்ற கட்டளையை அனுப்பினது யாருன்னு மோட்பஸ் கேக்கவே கேக்காது.

பாளை மாணவி:
ரொம்ப நன்றி. கிரிப்டோகிராஃபிக்கு (செய்தியை மறைச்சு அனுப்புற கலை) கணக்கு எங்கேருந்து தொடங்கணும்?

அம்பை அக்கா:
மீதி காணும் கணக்கிலிருந்து. ஆர்எஸ்ஏவை (பொதுச் சாவியால பூட்டி, தனிச் சாவியால திறக்கிற மறையாக்க முறை) கையால போட்டுப் பாருங்க: 3, 11 பகா எண்கள், பெருக்கினா 33. பொதுச் சாவி 3, தனிச் சாவி 7. செய்தி 4-னு வச்சுக்கோங்க; 4-ஐ 3 அடுக்கு உயர்த்தினா 64, 33-ஆல் வகுத்தா மீதி 31, அதுதான் மறைச்ச செய்தி. அந்த 31-ஐ 7 அடுக்கு உயர்த்தி 33-ஆல் வகுங்க, திரும்ப 4 வரும். தனிச் சாவி ஏன் 7 ஆச்சுன்னு யூக்ளிட் முறையில கண்டுபிடிச்சு இங்கயே போடுங்க, பாக்கேன்.