விசைப்படகு முதலாளி பணக்காரர் ஆனால் வள்ளக்காரருக்கு (சிறு நாட்டுப்படகு மீனவருக்கு) என்ன நஷ்டம்?

தொண்டி வியாபாரி:
ஏற்றத்தாழ்வு என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு காலத்தில் நம் கரை முழுக்க ஓலைக்குடிசைதான். விசைப்படகு வந்தது, ஐஸ் கம்பெனி வந்தது, இறால் ஏற்றுமதி வந்தது. இன்று மெத்தை வீடு, பிள்ளைகளுக்குக் கல்லூரி. 1978க்குப் பிறகு சீனாவிலும் கோடிக்கணக்கானவர்கள் வறுமையிலிருந்து மீண்டார்கள். கூடவே ஏற்றத்தாழ்வும் கூடியது. எல்லோரும் மேலே வந்தால் போதாதா?

பாம்பன் வள்ளம்:
அண்ணே, முதலாளி கார் வாங்கட்டும், எனக்கென்ன வயிற்றெரிச்சல்? ஆனால் கடல் ஒன்றுதான். தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடிச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி (இழுவலை) இழுக்கக் கூடாது. ராத்திரி உள்ளே வந்து இழுத்தால் என் நண்டு வலை அறுந்து போகிறது. குஞ்சு மீனெல்லாம் சங்காயமாக, அதாவது கழிவு மீனாக, கோழித்தீவனத்துக்குப் போகிறது. அவர் வருமானம் ஏறுகிற அதே இடத்தில்தான் என் வருமானம் இறங்குகிறது.

தொண்டி வியாபாரி:
அது சட்டமீறல் தம்பி. பிடித்து அபராதம் போடச் சொல்லுங்கள். அதற்கும் ஏற்றத்தாழ்வுக்கும் என்ன சம்பந்தம்?

பாம்பன் வள்ளம்:
ஐந்து படகு வைத்திருப்பவருக்கு யார் அபராதம் போடுவார்கள்? சம்பந்தமே அதுதானே!

கூலிக்குப் போகிறவன்:
நான் விசைப்படகில்தான் போகிறேன். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்த பிறகுதான் எங்களுக்குப் பங்கு. முன்பணம் வாங்கியாச்சு, அதனால் வேறு படகுக்கு மாற முடியாது. இலங்கைக் கடற்படை பிடித்தால் ஓனருக்குப் படகு போகும். சிறையில் கிடப்பது நான். மெத்தை வீடு இருக்கிறது, உண்மைதான். கடனும் அதே வீட்டின் மேல்தான் இருக்கிறது.

பாசி எடுக்கிறவள்:
படகுக்காரர்கள் சண்டையில் எங்களை மறந்துவிட்டீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து கடல்பாசி எடுக்கப் போனால் வனத்துறைக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. கொண்டுவந்தாலும் விலை சொல்வது வியாபாரிதான். எங்கள் வாழ்க்கைத்தரம் எந்தக் கணக்கில் ஏறியது?

தொண்டி வியாபாரி:
சரி, வியாபாரியைத் திட்டுவது சுலபம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அரிசி வாங்கப் பணம் தருவது யார்? பேங்கா?

பாம்பன் வள்ளம்:
அந்தக் கடனுக்காகத்தானே மீனை உங்களுக்கே கொடுக்கிறோம். கன்னியாகுமரிப் பக்கம் மீனவர் சங்கமே மீனை ஏலம் விடுகிறது, கடனும் தருகிறது. இங்கேயும் அப்படி வந்தால் என் மீனுக்கு நீங்களும் நாலு பேரோடு நின்று ஏலம் கேட்க வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதமா அண்ணே?