பூட்டில் யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள்

கானாடுகாத்தான்:
என்னை ரொம்பப் பயமுறுத்திய படக் காட்சியைச் சொல்கிறேன். கதையெல்லாம் சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். சந்திரமுகி இல்லை, அதற்கு மூலமான 1993 மலையாளப் படம், மணிச்சித்திரத்தாழ். கல்யாணத்துக்காகப் போன வாரம் ஊர் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி உள்முற்றத்து வளவில் பாயை விரித்து, தனியாக, போனில் பார்த்தேன். புத்தி கெட்டவள்தான்.

படத்தில் பூட்டிக் கிடக்கிற தெக்கினி அறையைத் திறப்பதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஷோபனா ஒரு கையால் கட்டிலைத் தூக்குகிற இடம்தான். அதிலும் தூக்குவதற்குச் சற்று முன்னால், புருஷன் போகக் கூடாது என்றதும் அந்த முகம் மெதுவாக மாறுகிறதே, அங்கே நிறுத்திவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே பெரியப்பா பங்கு அறை. அவர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள், சாவியும் அங்கேதான். அறை திறந்து 11 வருடம் ஆகிறது. எதற்கு எழுந்து போனேன் என்று தெரியவில்லை, போய்ப் பூட்டைத் தொட்டேன். விரலெல்லாம் எண்ணெய். புது எண்ணெய்.

தேவகோட்டை:
கட்டில் காட்சியைச் சொல்கிற யாரும் ஒன்றைச் சொல்வதில்லை. அவள் தமிழ் பேசுகிறாள்! அவளைப் பிடித்திருப்பதாகச் சொல்கிற நாகவல்லி தஞ்சாவூர்க்காரி அல்லவா. திருச்சூரில் வேலை பார்த்தபோது ஹாஸ்டல் டிவியில் பார்த்தேன். மலையாளம் எனக்கு அரைகுறை. அதுவரை பாதி புரிந்து பாதி புரியாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் கத்தினது மட்டும் ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படம் மறந்தாலும் அது மறக்காது.

சந்திரமுகியில் அவளைத் தெலுங்குக்காரி ஆக்கினார்கள், இந்தியில் வங்காளி. பேய் எப்போதும் பக்கத்து ஊர்தான் போலிருக்கிறது.

காரைக்குடி:
பேய் என்று சொல்லாதீர்கள் தம்பி. அந்தப் படம் சொல்வது மனநோயை. மோகன்லால் மனநல டாக்டராக வருவது பின்னே எதற்கு? நான் பயந்தது சிகப்பு ரோஜாக்களுக்கு, 1978. அப்புறம் ஒரு வாரம் வீட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அம்மாவிடம் அடி வாங்கினேன். அது கிடக்கட்டும்.

கானாடுகாத்தான் ஆச்சி, பழைய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகி, சாவி சுற்றாது. பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கரியைச் சாவிப் பல்லில் தடவி நாலு தடவை திருப்பினால் போதும். சாவிக்கு ஒரு நகல் வாங்கி வையுங்கள். மழைக்கு முன்னால் அறையைத் திறந்து காற்றாட விடுங்கள். தேக்கைக் கரையான் லேசில் தொடாது, உள்ளே இருக்கிற பெட்டி, பத்திரமெல்லாம் அப்படியில்லை. பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் விடாதீர்கள். மறுநாளே அது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் தொங்கும்.

பள்ளத்தூர்:
அண்ணே, அவர் பூட்டுக்கா வைத்தியம் கேட்டார்? யார் விட்டது என்பதுதானே கேள்வி.
தேவகோட்டைக்காரருக்கு: ஷோபனா நடித்த கங்காவுக்கும், அவள் நாகவல்லியாக மாறும்போதும் குரல் கொடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள். கங்காவுக்கு பாக்கியலட்சுமி, தமிழுக்கு துர்கா. இது தெரிந்த பிறகு எனக்கு இன்னும் மோசமாகிவிட்டது. ஒரே வாயிலிருந்து இரண்டு பேர்.

கானாடுகாத்தான்:
பென்சில் கரிக்கு நன்றி அண்ணே. காவலுக்கு இருப்பவரைக் கேட்டேன், அந்தப் பக்கம் கூட்டுவதோடு சரி, பூட்டைத் தொட்டதே இல்லை என்கிறார்.

நேற்று அப்பத்தா சேலையை ஊறவைக்க எடுத்தேன். முந்தானை நுனியில் எண்ணெய்க் கறை, கட்டைவிரல் அகலத்துக்கு. ராத்திரி எழுந்தீர்களா அப்பத்தா என்று கேட்டேன்.

"நான் எங்கே எந்திரிச்சேன், விடியுமட்டும் தூங்கினேன்" என்றார். சொல்லிவிட்டு, பெரியவன் சாப்பிட்டானா என்று கேட்டார்.