நீல மேலங்கி கோடு கோடாகக் காய்கிறது, முகம் சொரசொரப்பு: மினியேச்சர் பெயின்டிங் உதவி

கேள்வி

வணக்கம். ஆறு மாசமா எங்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமா ஆடற மேசை விளையாட்டு) குழுவுக்கு மினி, அதாவது விளையாட்டுல வைக்கற குட்டி பொம்மைங்க, பெயின்ட் பண்ணிட்டிருக்கேன். கோப்ளின், எலும்புக்கூடு வரைக்கும் ஓரளவு ஒப்பேறிச்சு. வாஷ் (பள்ளத்துல தேங்கி நிழல் காட்டற நீர்த்த பெயின்ட்) ஊத்தி அழுக்கா வந்தாலும் அதுங்களுக்குப் பொருந்திடும். இப்ப என் தோழியோட கதாபாத்திரம், ஒரு மந்திரவாதினி. 32 மி.மீ. அளவு. முதுகுப் பக்கம் முழுக்க வழவழன்னு நீல மேலங்கி. அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

பிரஷ் போன தடமெல்லாம் கோடு கோடா நிக்குது. தண்ணி சேர்த்தா ஓரத்துல வளையமா காயுது, நடுவுல பிரைமர் (பெயின்ட் பிடிக்கறதுக்காக முதல்ல அடிக்கற பூச்சு) தெரியுது. முகத்துல மணல் தூவின மாதிரி இருக்கு, மூக்கும் உதடும் மழுங்கிப் போச்சு. பிரஷ்தான் பெருசோன்னு 000 வாங்கினேன். தட்டுல தொட்டு முகத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள நுனியிலேயே காய்ஞ்சிடுது.

வீடு சென்னை. பால்கனியில கறுப்பு ஸ்ப்ரே பிரைமர் அடிச்சேன். துளி பாட்டில்ல வர்ற அக்ரிலிக் பெயின்ட், பீங்கான் தட்டுல ஊத்தி எடுக்கறேன். அவ பிறந்தநாளுக்கு மூணு வாரம் இருக்கு. நல்லபடியா குடுக்கணும்னு ரொம்ப ஆசை. அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

பதில் 1

மூன்று விவரம் வேண்டும். பெயின்ட் பண்ணும்போது ஃபேன் ஓடுகிறதா? ஸ்ப்ரே எவ்வளவு தூரத்தில் இருந்து, எந்த நேரத்தில்? மினி என்ன பொருள்?

கேட்டவர்

ஃபேன் முழு வேகம். சொட்டிடுமோன்னு பயந்து ஒரு கை நீளத்துக்கு மேலயே தள்ளி நின்னு அடிச்சேன், மத்தியான வெயில்ல. மினி ரெசின், நண்பர் 3D பிரிண்டர்ல பிரிண்ட் பண்ணித் தந்தது.

பதில் 1

அப்போது முகத்துச் சொரசொரப்புக்கும் உங்கள் பெயின்டுக்கும் சம்பந்தமில்லை. அது பிரைமரிலேயே வந்தது. தூரத்தில் இருந்து வெயிலில் அடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து, பொடியாகத்தான் மினியில் போய் உட்காரும். 20 முதல் 30 செ.மீ. தூரம், காலை நேரம், விட்டு விட்டு ஒரு நொடி வீச்சு. டப்பாவை அதற்கு முன் இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். மழை பெய்யும் நாளில் வேண்டாம், ஈரக் காற்றில் பரப்பு கெட்டுப்போகும். நான் சென்னையில் இருந்தபோது ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, பிரஷால் பூசும் பிரைமருக்கு மாறினேன். மெல்லிசாக இரண்டு கோட், ஒரு நாள் முழுக்கக் காயவிடுவேன்.

அடுத்தது, பீங்கான் தட்டை ஒதுக்கி வையுங்கள். ஃபேன் காற்றில் அக்ரிலிக் இரண்டு நிமிடத்தில் தோல் கட்டும். அந்தத் தோல்தான் பிரஷில் சேர்ந்து கோடாக விழுகிறது. வெட் பேலட் (பெயின்ட் காயாமல் வைக்கும் ஈரத் தட்டு) வீட்டிலேயே செய்யலாம். காற்றுப் புகாத தட்டையான டிபன் பாக்ஸ், அதில் ஈரமான டிஷ்யூ நாலைந்து மடிப்பு, மேலே கேக் செய்யப் பயன்படுத்தும் பேக்கிங் பேப்பர். மெழுகு பூசிய தாள் வேண்டாம், தண்ணீர் மேலே ஏறாது. பெயின்ட் மணிக்கணக்கில் பதமாக இருக்கும். மெட்டாலிக் பெயின்டை மட்டும் அதில் வைக்காதீர்கள், மினுக்குத் துகள் பிரிந்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். ‘தண்ணி சேர்த்தா வளையமா காயுது’ என்றீர்கள். தண்ணீர் சேர்த்தது சரி, பிரஷில் இருந்த ஈரத்தை எடுக்காமல் மினியில் வைத்ததுதான் தவறு. குட்டையாகத் தேங்கினால் காயும்போது நிறமியெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும், தரையில் காபி சிந்திய கறை மாதிரி. மாக்கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். மாவு எவ்வளவு நீர்க்க இருந்தாலும், துணியைப் பிழிந்து பிடிக்கும் பிடியில்தான் இழையின் கனம் இருக்கிறது. அதே மாதிரி பெயின்டைத் தொட்ட பிறகு, பிரஷின் பக்கவாட்டை டிஷ்யூவில் ஒரு தடவை ஒற்றிவிட்டு மினிக்குப் போங்கள். முதலில் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நகக்கண்ணுக்கு ஓடினால் ஈரம் அதிகம், திட்டுத் திட்டாக நின்றால் கெட்டி.

முதலில் பூசும் அடிநிறத்துக்குப் பால் பதம். முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் செய்யும், பதறாமல் நன்றாகக் காயவிட்டு இரண்டாவது கோட் பூசுங்கள். நிழலும் வெளிச்சமும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்துக்கு, அரிசி கழுவிய இரண்டாவது கழுநீர் மாதிரி இருக்க வேண்டும், கீழே இருப்பது அப்படியே தெரியணும். அந்தப் பதத்தில் பிரஷை எந்தப் பக்கம் இழுத்துத் தூக்குகிறீர்களோ அங்கேதான் நிறமி அதிகம் தங்கும். ஆகவே நிழலுக்கு மடிப்பின் பள்ளத்தை நோக்கி இழுங்கள், வெளிச்சத்துக்கு மேட்டை நோக்கி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது, உங்களுக்கு இந்த மேலங்கியே போதும்.

பதில் 2

மேலே சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்த்துக்கோங்க. 000 பிரஷைத் திருப்பி வெச்சிடுங்க. அதோட வயிறு சின்னது, பெயின்டே தாங்காது, அதான் காயுது. கூர்மையான நுனி உள்ள 1-ஆம் நம்பர்ல கண்ணே வரையலாம். பிரஷ் முடியைப் பிடிச்சிருக்கற உலோகப் பட்டை வரைக்கும் பெயின்ட் ஏறவிடாதீங்க, ஏறிக் காய்ஞ்சா நுனி ரெண்டா பிரிஞ்சிடும்.

நீலத்துல வெளிச்சத்துக்கு வெள்ளை கலக்கறீங்களா? அது சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியும். வெளிர் ஆகாய நீலம் இல்லன்னா மயில் நீலம் கலந்து ஏத்துங்க. நிழலுக்குக் கறுப்புக்குப் பதிலா அடர் ஊதா. பிரைமரும் சாம்பல் நிறத்துல போடுங்க, கறுப்பு மேல நீலம் ஏற நாலஞ்சு கோட் ஆகும்.

அழிக்கிறதைப் பத்தி: முகம் மழுங்கியிருந்தா அழிச்சிடறதுதான் நல்லது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல கொஞ்ச நேரம் ஊறவெச்சு, பழைய டூத் பிரஷால மெதுவா தேய்ங்க. பிரிண்ட் பண்ண ரெசினை ராத்திரி முழுக்க ஊறப்போட்டா வீங்கி விரிசல் விடலாம், அதனால 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதே ரெசின்ல உடைஞ்ச துண்டு இருந்தா முதல்ல அதுல சோதிச்சுப் பாருங்க. அசிட்டோன் கிட்டவே கொண்டு போகாதீங்க. கையுறை போட்டு, ஜன்னல் திறந்து, அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து செய்ங்க.

கேட்டவர் (12 நாள் கழிச்சு)

அழிச்சேன். பிரைமரை பிரஷால பூசினேன். ஃபேனை நிறுத்திட்டு, தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அந்த டிஷ்யூவுல ஒற்றி எடுக்கறது ஒண்ணே பெரிய மாற்றம். முதல் தடவை மேலங்கியில கோடு இல்ல. ஏழு கழுநீர் கோட் ஆச்சு, பள்ளத்துல இருந்து மேட்டுக்கு நிறம் தானா மாறுது. முகத்துல கீழ் உதடு தனியா தெரியுது! ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம் பாக்கி. ரெண்டு நாளா மழை. மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில் 1

வேண்டாம். ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், இவ்வளவு உழைப்பும் மங்கிவிடும். பிரஷால் பூசும் மேட் வார்னிஷ் வாங்கி, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, அதே ஒற்றி எடுக்கும் முறையில் மெல்லிசாக இரண்டு கோட். மடிப்புப் பள்ளத்தில் தேங்கவிடாதீர்கள். காய்ந்ததும் முதுகுப் பக்கம் ஒரு படம் போடுங்கள், அந்த நீலத்தைப் பார்க்கணும்.