தார் பாலைவனம் போனவர்கள் சொல்லுங்கள்: டூரா, காடியா (காரா), பஸ்ஸா?

பள்ளி விடுமுறைக்கு ராஜஸ்தான் போக மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் போனது அம்மாவோடு. எழுபதைத் தாண்டியவர், முட்டி வலியும் உண்டு. முதலில் ஒரு பேக்கேஜ் டூரைத்தான் பார்த்தோம். ஜெய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் என்று ஊர்கள் நிறைய இருந்தன, மணல்மேட்டுக்கோ ஒரே ஒரு மாலை. பாலைவனம் பார்க்க ஆசைப்பட்ட அம்மாவை அரண்மனை அரண்மனையாக ஏற்றி இறக்க எனக்கு மனமில்லை. அதனால் ஜோத்பூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து டிரைவரோடு காடி எடுத்தோம்.

நாமே ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவிலும் இடப்பக்கம்தான், மலேசிய சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அனைத்துலக லைசென்ஸ் எடுத்துக்கொண்டால் ஓட்டலாம். ஆனால் சாலையில் மாடு நிற்கும், ஒட்டகம் குறுக்கே வரும், ராணுவ லோரிகள் வரிசையாகப் போகும். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்தக் கவலை எதற்கு? டிரைவர் இருப்பதே நல்லது.

வாடகை பேசும்போது கவனம். கிலோமீட்டர் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு இருக்கும், பெரும்பாலும் 250. நீங்கள் ஜெய்சல்மேரில் இறங்கிக்கொண்டாலும் காடி ஜோத்பூர் திரும்பும் தூரத்துக்கும் காசு உண்டு. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகே ஏறுங்கள்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர், இங்கிருந்து கோலாலம்பூர் போவதைவிடக் கொஞ்சம் அதிகம். நாங்கள் நேராகப் போகாமல் ஒசியான் வழியாகப் போனோம். ஆயிரம் வருடத்துக்கும் மேலான கோயில்கள், பக்கத்திலேயே மணல்மேடு. நாள் குறைவாக இருப்பவர்கள் ஒசியானோடு திரும்பினாலும் பாலைவனம் பார்த்ததாகவே இருக்கும்.

ஜெய்சல்மேரிலிருந்து மணலுக்குப் போக சம், கூரி என்று இரண்டு இடம் சொல்வார்கள். 40 கிலோமீட்டரில் உள்ள சம் பெரிய மேடு, கூட்டமும் பெரிது. கூடாரத்துக்குக் கூடாரம் ஒலிபெருக்கி, ஜீப் சத்தம். கூரி கொஞ்சம் தள்ளி இருக்கும் கிராமம், அமைதி. டூர் என்றால் அநேகமாக சம்தான். காடி நம்முடையது என்பதால் கூரியில் தங்கினோம். ஒட்டகம் பின்காலைத்தான் முதலில் ஊன்றி எழும், மேலே இருப்பவர் முன்பக்கம் சரிவார். முட்டி வலிக்காரர்களுக்கு அது வேண்டாம். ஒட்டக வண்டி கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்துப் பழக்கத்தில் அம்மா இருட்டிலேயே எழுந்து என்னையும் எழுப்பிவிட்டார். சூரியன் வரும்போது மேட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. நம் முகத்தைப் பார்த்து உள்ளூர் ஆள் என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் நாம் வெளிநாட்டவர். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். டிரைவர் “பரவாயில்லை, வாங்க” என்றாலும் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

* * *

அக்கா, நான் நண்பர்களோடு பஸ்ஸில் போனவன். ஜோத்பூரிலிருந்து ஐந்தாறு மணி நேரம். ராத்திரி ஓடும் தனியார் பஸ்களில் மேலும் கீழுமாகப் படுக்கை இருக்கும், ஆனால் கழிவறை இருக்காது. வழியில் தாபாவில் நிறுத்தினால்தான் உண்டு. காசு மிச்சம், சனங்களோடு பேசிக்கொண்டு போகலாம், இளவட்டங்களுக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். கூரிக்கும் ஊர் பஸ் இருக்கிறது. ஆனால் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அன்றே பஸ்ஸில் திரும்பலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ராத்திரி அங்கேயே தங்குகிற மாதிரி போங்கள், இல்லை என்றால் ஜெய்சல்மேரில் நாலு பேர் சேர்ந்து ஜீப் எடுங்கள்.

* * *

டூரை அப்படி ஒதுக்கிவிட வேண்டாம் தங்கச்சி. நானும் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு தமிழ்க் குழுவோடு போனோம். சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இவருக்கு இனிப்பு நீர், வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். பாலைவனத்தில் நேரத்துக்குச் சோறும் ரசமும் கிடைத்தது எங்களுக்குப் பெரிய உதவி. மணலில் இருந்த நேரம் குறைவுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

* * *

இனிப்பு நீர் இருப்பவர்களுக்கு அது நல்ல யோசனைதான் அக்கா, நான் நினைத்துப் பார்க்கவில்லை. டிசம்பரில் போகிறவர்கள் எல்லாரும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி 10 டிகிரிக்கும் கீழே இறங்கும், நம் ஊர்ச் சட்டை தாங்காது.